வெலிகமைக்குத் திறந்த அடுக்களைக் கதவு

நெய்னாபட்டினத்தில் ஓடக்கரைத் தெரு என்று ஒரு தெரு. அங்கே ஆண்களுக்கு வீடு கிடையாது. வியாபாரம் உண்டு, கடல் பயணம் உண்டு, பள்ளிவாசல் வரிசையில் இடம் உண்டு, கடைசியில் ஆறடி மண்ணும் உண்டு. வீடு மட்டும் பெண்பிள்ளைகளுக்கு. மகள் பிறந்தால் தகப்பன் செங்கல் வாங்குவான், மகன் பிறந்தால் பெட்டி வாங்குவான். கல்யாணமானதும் மாப்பிள்ளை அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து, முன்கூடத்தில் ஒரு கட்டிலும் மாடியில் ஓர் அறையும் பெற்று, மௌத்தாகி மண்ணுக்குப் போகும்வரை அங்கே மரியாதையாக நடத்தப்படுவான். அவ்வளவுதான்.

வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். முன்பக்கம் தெரு, அதில் ஆண்கள் நடப்பார்கள். பின்பக்கம் முடுக்கு, அதாவது எதிரே ஒருத்தி வந்தால் மற்றவள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலத்தில் ஓடும் சந்து, அதில் பெண்கள் நடப்பார்கள். அதுவும் போதாதென்று அக்கா தங்கை வீடுகளுக்கு நடுவே அடுக்களைச் சுவரில் ஒரு கதவு இருக்கும். தாழ்ப்பாள் இல்லாத கதவு. இந்தக் கதவுகள் வழியாகத்தான் அந்தத் தெருவில் கறிவேப்பிலையும் காய்ச்சலும் பொண்ணு பார்க்கும் பேச்சும் அழுகையும் போய்வந்துகொண்டிருந்தன. ஆம்பிளைகள் அசருக்குத் தொழப்போய்த் திரும்புவதற்குள் தெருவின் மேலக்கோடியில் எடுத்த முடிவு கீழக்கோடிக்குப் போய்ச் சேர்ந்து, திருத்தப்பட்டுத் திரும்பியும் வந்துவிடும்.

மொகுதூம் நாச்சியின் வீட்டிலும் அப்படி ஒரு கதவு. அதைத் தள்ளினால் தங்கை செய்னம்புவின் அடுக்களை. நாச்சிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மகன் ஹாங்காங்கில் இருந்தான். அவள் மாப்பிள்ளை, அதாவது புருஷன், சதக்குத்தம்பி ரத்தினக்கல் வியாபாரி, வருஷத்தில் பாதி இலங்கையில், பாதி இங்கே. ஆகவே நாச்சி என்றால் அந்த வீடும் அந்தக் கதவும் அதற்கு அந்தப்புறம் இருக்கும் தங்கையும்தான்.

ஒரு புதன்கிழமை காலை மீன் ஆணத்துக்கு, அதாவது குழம்புக்கு, கறிவேப்பிலை இல்லை. நாச்சி கதவைத் தள்ளினாள். அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. முற்றத்து ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்ட, பட்டை வாசனை எழ, அடுக்களை நடுவில் முன்பின் பார்த்திராத ஒருத்தி திருகுமனையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"கறிவேப்பிலை இருக்கா?" என்றாள் நாச்சி.

"இரிக்கி. எடுங்க, அந்த மாடத்துல."

நாச்சி மாடத்திலிருந்து எடுத்தாள். திரும்பிவந்து ஆணத்தைக் கூட்டி, கொதிக்கவிட்டு, மூடிவைத்தாள். அதற்குப் பிறகுதான் நெய்னாபட்டினத்தில் மாசக்கணக்காக மழையே இல்லை என்பது ஞாபகம் வந்தது. முந்தானை ஈரமாக இருந்தது. அதைப் பிழிந்தாள்.

அதற்குள் முடுக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு, முழங்கால் வலியோடு, மூச்சிரைக்க செய்னம்பு வந்துவிட்டாள்.

"லாத்தா, என் பக்கம் கதவைத் திறந்தா சுவரு நிக்கிது."

"என்ன சுவரு?"

"செவசெவன்னு ஒரு சுவரு. நம்ம ஊரு கல்லே இல்ல."

"என் பக்கம் மழை பேயிது" என்றாள் நாச்சி. "ஒரு பொம்பளை இருக்கா. நல்ல மாதிரி."

ரெண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் பேர் பௌசியா. ஐம்பது வயதிருக்கும். ஊர் வெலிகம. இலங்கையின் தென்கரையில், காலிக்கும் மாத்தறைக்கும் நடுவில். அவள் வீட்டு அடுக்களையிலும் அப்படி ஒரு கதவு இருந்தது, கட்டின நாளிலிருந்து அதைத் திறந்தால் சுவர்தான், இன்றைக்குத்தான் சுவர் இல்லாமல் ஆள் வந்தது என்றாள். "உக்காருங்க தாத்தா" என்றாள் நாச்சியைப் பார்த்து. அங்கே அக்காளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். செய்னம்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒனக்கு மீசைதான் பாக்கி லாத்தா" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அந்த அடுக்களையைச் சுற்றிப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், மாடத்தைப் பார்த்தாள், அப்புறம் தலைவலிக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.

இப்படியாகக் கதவு வெலிகமைக்குத் திறந்தது. ஏன் திறந்தது என்று தெருவில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கதவென்றால் ஓரிடத்துக்குத் திறக்கத்தான் செய்யும். பிரச்சினை வேறு. முதலில் பள்ளிவாசலில் பேச்சு கிளம்பியது: கடலைத் தாண்டிப் போய்விட்டு வருகிற பெண்பிள்ளை பிரயாணியா, தொழுகையைச் சுருக்கித் தொழலாமா? ஆலிம்சா ஒரு வாரம் கிதாபுகளைப் புரட்டினார். பிறகு சொன்னார்: "அடுப்பை அணைச்சிட்டுப் போனா பிரயாணி. உலையை வச்சிட்டுப் போனா பிரயாணி இல்ல." அதோடு பேச்சு முடிந்தது. அடுத்து ஜீப்பில் ரெண்டு அதிகாரிகள் வந்தார்கள். முன்கூடத்தில் உட்காரவைத்துச் சாயா கொடுத்தார்கள். கதவைப் பார்க்கவேண்டும் என்றார்கள். அது பெண்கள் புழங்கும் பின்கட்டு, அங்கே வீட்டு மாப்பிள்ளையே போவதில்லை, நீங்கள் எப்படிப் போவீர்கள் என்று குட்டிமாமி திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். குட்டிமாமி மூன்றாம் வீட்டுக்காரி. தெருவுக்கே குரல் கொடுக்கிறவள். அதிகாரிகள் சாயாவைக் குடித்தார்கள், ரொம்ப ருசியாக இருக்கிறதே, எந்தத் தோட்டத்து இலை என்றார்கள், ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனவர்கள்தான்.

அந்தக் கதவைத் தெருவில் எந்த ஆணும் கண்ணால் பார்த்ததில்லை. சமுத்திரத்தைத் தாண்டுகிற வழி அவர்கள் கால் படாத இடத்தில் இருந்தது. பெண்கள்தான் போனார்கள். கருப்பட்டியும் கருவாடும் கொண்டுபோனார்கள், பட்டையும் மாசி என்கிற காய்ந்த சூரைமீனும் கொண்டுவந்தார்கள். வெலிகமைப் பெண்கள் இந்தப் பக்கம் வந்து வெயிலைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, அரிசியைக் காயப்போட்டுவிட்டு, சாயங்காலம் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ரெண்டு கல்யாணம் பேசி முடித்தாயிற்று. ஒரு பிரசவத்துக்கு இங்கிருந்து ஆள் போனாள். நாச்சியின் அடுக்களை எந்நேரமும் திருவிழா மாதிரி ஆனது, வருகிறவள் போகிறவள் எல்லாம் அவள் அம்மியில் ஒரு கை அரைத்துக்கொடுத்துவிட்டுத்தான் போனார்கள், அவளுக்கும் அது பிடித்திருந்தது. பௌசியாவையும் பிடித்திருந்தது. பௌசியாவின் மாப்பிள்ளை வியாபாரி, அடிக்கடி இந்தியா போய்வருகிறவர், இப்போது பாங்காக்கில். என் மாப்பிள்ளையும் வியாபாரிதான், அடிக்கடி இலங்கை போய்வருகிறவர், இப்போது பாங்காக்கில் என்றாள் நாச்சி. இருவரும் வியாபாரிகளின் பெண்டாட்டிகள் படும் பாட்டைப் பேசி ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள்.

நாச்சி அடுக்களையைத் தாண்டி அந்த வீட்டுக்குள் போனதில்லை. அழைக்காமல் அடுத்தவள் வீட்டுக் கூடத்துக்குப் போகும் பழக்கம் அவளுக்கு இல்லை. மற்றவர்களுக்கு உண்டு. முதல் வாரத்திலேயே குட்டிமாமி முன்கூடம்வரை போய், சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் போட்டோவைப் பார்க்கத் தெருவில் பாதிப் பேர் போனார்கள். அதற்குப் பிறகு நாச்சி வந்தால் பேச்சு நின்றது. நின்ற பேச்சை யாராவது ஒருத்தி மாசி விலைக்குத் திருப்பினாள். ஆணம் ருசியாக இருப்பதாக எல்லோரும் வேண்டியதற்கு மேல் சொன்னார்கள். தனக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் தெரு மரியாதை கூட்டுகிறது என்று நாச்சி நினைத்துக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் திலகவதி வந்தாள். கட்டடக்கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். பழைய தெருக்களை அளந்து படம் போடுவது அவள் வேலை. ஓடக்கரைத் தெருவுக்கு அவள் வருவதாக ஒரு வருஷத்துக்கு முன்பே ஏற்பாடு. கதவு வெலிகமைக்குத் திறந்ததற்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. பெண் என்பதால் பின்கட்டு, முடுக்கு, பேறுகால அறை எல்லாம் அவளுக்குத் திறந்தன. டேப்பைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். சுண்ணாம்பில் கடுக்காய் சேர்த்தார்களா, தூணுக்குத் தேக்கு எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்டாள். பதிலை யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் சாப்பாடு போட்டார்கள். நாச்சி வீட்டை அளந்தாள். கதவைப் பார்த்தாள். செய்னம்பு பக்கம் போய் அந்தச் சிவப்புச் சுவரைத் தட்டிப் பார்த்து, இது இலங்கைப் பக்கத்து செம்பாறைக் கல் என்றாள். பிறகு, வந்தது வந்தோம் என்று வெலிகமை வீட்டையும் அளந்துவிட்டு மத்தியானம் நாச்சியிடம் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. ரெண்டும் ஒரே வீடு."

"வீடுன்னா அப்படித்தானே இருக்கும்" என்றாள் நாச்சி. அங்கே உப்பு எங்கே இருக்கும் என்று முதல் நாளே அவள் கைக்குத் தெரிந்திருந்தது. நல்ல வீடென்றால் உப்பு அங்கேதான் இருக்கும்.

"இல்லம்மா. தெருவுல வேற எந்த ரெண்டு வீடும் ஒண்ணா இல்லை. இது விரக்கடை பிசகாம ஒண்ணா இருக்கு. மாடிப்படியில மூணாவது படி உங்க வீட்டுல கொஞ்சம் உயரம், அங்கயும் உயரம். பேறுகால அறையில ஒரு சுவர் கோணல், அங்கயும் அதே கோணல். அடுக்களை மாடம் நடுவுல இல்லாம இடப்பக்கம் தள்ளி இருக்கே, அதுகூட."

நாச்சி அம்மியிலிருந்து கையை எடுத்தாள்.

"அந்த மாடம் தள்ளி இருக்கது எங்க உம்மாவுக்கு இடது கைப் பழக்கம்ங்கிறதால" என்றாள். "கொத்தனாரோட சண்டை போட்டுத் தள்ளி வைக்கச் சொன்னாங்க."

"அப்ப அங்க?"

"வா" என்றாள் நாச்சி. "அந்தப் படியை நான் பாக்கணும்."

கதவைத் தாண்டினார்கள். அன்றைக்கு வெலிகமையில் தூறல். பௌசியா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். நாச்சி அவளிடம் படியைப் பார்க்கலாமா என்று கேட்டு, அவள் தலையாட்டிய பிறகும் தயங்கி, அடுக்களை நிலையில் காலெடுத்து வைக்கும்போது கூடத்திலிருந்து ஒரு மனிதர் சட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். பயணக் களைப்பு. வெலிகமையில் ஆண்களுக்கு அடுக்களை விலக்கில்லை, நேராக வந்து உரல் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"நாச்சி, கொஞ்சம் வெந்நி போடு."

உலை கொதித்தது. சதக்குத்தம்பி கண்ணைத் திறந்து நாச்சியைப் பார்த்தார், பௌசியாவைப் பார்த்தார், மாடத்தைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது பயமில்லை, குழப்பம். வழி தவறின பிள்ளையின் குழப்பம்.

"நான் எந்த வீட்டுல இருக்கேன்?" என்றார்.

திலகவதி டேப்பைச் சுருட்டிக்கொண்டு மெதுவாகக் கதவு வழியே வெளியேறினாள். படித்தவள், எப்போது போகவேண்டும் என்று தெரிந்தவள்.

பௌசியாதான் முதலில் பேசினாள். இந்தியாவில் ஒரு குடும்பம் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும், ஆனால் இந்தியா பெரிய நாடு என்று நினைத்திருந்தாள். "இந்த வீடு எனக்காகக் கட்டினதுன்னு சொன்னீங்களே" என்றாள் அவரிடம். "அந்த மாடம் ஏன் ஒரு பக்கம் தள்ளி இரிக்கின்னு எத்தனை தரம் கேட்டன். மேசன்ட பிழைன்னு சொன்னீங்களே." அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அவளுடைய வீடு ஒரே நிமிஷத்தில் வேறொருத்தியின் பழைய வீடாகிவிட்டது.

நாச்சி அழவில்லை. மாப்பிள்ளைக்கு இன்னொருத்தி என்பது, வருஷத்தில் பாதி ஆளில்லாத கட்டிலைத் தட்டிப்போடுகிற எவளுக்கும் முழுப் புதுசல்ல. அது நெஞ்சில் ஒரு மூலையில் சேலை மூட்டைக்கு அடியில் எப்போதும் கிடந்ததுதான். அவளைக் குத்தியது வேறு.

"படி சரி" என்றாள். "மாடி சரி. நீங்க ஏறி இறங்கின எடம். பேறுகால அறைச் சுவரு கோணல்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அந்த அறைக்குள்ள கால் வச்சதில்லையே. எங்க ஊட்டுல எந்த ஆம்பிளையும் வச்சதில்லையே."

சதக்குத்தம்பி தரையைப் பார்த்தார்.

"நான் அளக்கல."

"அப்ப யாரு?"

"எனக்கும் ஒரு வீடு வேணும்னு ஆசையா இருந்திச்சி, நாச்சி. எம் பேருல. நடுராத்திரி எந்திரிச்சாலும் தட்டுத் தடுமாறாம நடக்கணும். எனக்குத் தெரிஞ்ச வீடு இது ஒண்ணுதான்."

"யாருன்னு கேட்டேன்."

"செய்னம்பு" என்றார். "கயித்துல அளந்து, எடத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுத் தந்தா."

அப்போது நாச்சிக்கு அந்தக் கயிறு கண்ணுக்குத் தெரிந்தது. மகன் பிறந்து, பேறுகால அறையில் படுத்திருந்த நாட்கள். செய்னம்பு ஒரு சணல் கயிற்றோடு வருவாள், பேர் வைக்கிற அன்றைக்குச் சுவருக்குச் சுவர் பச்சைத் திரை கட்டப்போகிறேன், முனையைப் பிடி லாத்தா என்பாள். நாச்சி படுத்தபடியே, பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையால் முனையைப் பிடிப்பாள். செய்னம்பு எதிர்ச் சுவர்வரை இழுத்துக்கொண்டு போய் முடிச்சுப் போடுவாள். மாடத்தையும் அளந்தாள். படியையும் அளந்தாள். கடைசிவரை திரை எதுவும் கட்டவில்லை. துணி சரியாக அமையவில்லை என்றாள். தன் வீட்டைத் திருட, தன் கையாலேயே முனையைப் பிடித்துக்கொடுத்திருக்கிறாள்.

நாச்சி எழுந்தாள். கதவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள். செய்னம்பு வீட்டுக்கு இப்போது கதவு வழி இல்லை என்பதால் முடுக்கில் இறங்கி நடந்தாள். செய்னம்பு எதிரே வந்துகொண்டிருந்தாள். திலகவதி முகத்தைப் பார்த்தே அவளுக்கு விஷயம் புரிந்திருந்தது. நடு முடுக்கில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். இருவரும் சுவரோடு ஒட்டவில்லை.

"அளந்து குடுத்தியா?"

"குடுத்தேன் லாத்தா."

"எதுக்கு?"

"மச்சான் கேட்டாக. இலங்கையில ஒரு வீடு கட்டுறேன், நாச்சிக்குத்தான், வந்து பாத்தா அசந்துபோகணும், சொல்லிராதேன்னாக. ஒனக்குன்னுதான் நெனச்சேன். சத்தியமா."

"அப்புறம் எப்பத் தெரிஞ்சிச்சி?"

செய்னம்பு முந்தானை நுனியைத் திருகினாள்.

"எப்பன்னு கேட்டேன்."

"அடுத்த நோன்புக்குள்ளயே தெரிஞ்சிருச்சி."

"முப்பது வருசம்" என்றாள் நாச்சி. "தெனமும் எங்கையால தின்னே."

"சொன்னா நீ அவுகளை விட்டிருவே. அளந்து குடுத்தவன்னு என்னையும் விட்டிருவே. கதவை அடைச்சிருவேன்னு பயந்தேன் லாத்தா."

"அந்தக் கதவு எதுக்கு அங்க? அவளுக்குத் தங்கச்சி இல்ல. பக்கத்துல ஊடே இல்ல. சுவரைப் பாக்கிற கதவை எவன் வைப்பான்?"

"நான்தான் அதுக்கும் முடிச்சுப் போட்டேன்" என்றாள் செய்னம்பு. அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். "நீ அங்க போயிட்டா எனக்கு வாசல் வேண்டாமா? நடுவாசல் இல்லாட்டி அது வீடே இல்ல மச்சான்னு சொன்னேன். அவுகளும் வச்சிட்டாக."

அந்தக் கதவு அங்கே வந்த கதை இதுதான். போக இடமில்லாத ஒரு கதவை, இந்தத் தெருவில் பிறந்த ரெண்டு பேர், இல்லாவிட்டால் வீடாகாது என்று நம்பி வைத்தார்கள். அந்தக் கதவும் முப்பது வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் தனக்கு உரிய இடத்தைத் தானே தேடிக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி. செய்தி என்று சொல்லக்கூடாது, அவர்களுக்கு முன்பே தெரியும். குட்டிமாமி தலைமையில் அஞ்சாறு பேர் வந்து நாச்சியின் அடுக்களையில் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"ஆம்பிளை புத்தி தெரிஞ்சதுதானே" என்றாள் குட்டிமாமி. "செய்னம்பும் தெரியாமச் செஞ்சிட்டா. நீ பெரியவ. பொறுத்துக்க."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும் மாமி?"

குட்டிமாமி வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள். "ஒம் மாப்பிள்ளை போட்டோ மாட்டியிருந்திச்சி. கண்ணை மூடிக்கிட்டா போவ முடியும்?"

"ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா நீ கதவை அடைச்சிருவியே" என்றாள் அவள், நியாயத்தை எடுத்துச் சொல்லும் குரலில். "எம் பேத்தி கல்யாணம் அங்க பேசி முடிச்சாச்சி. காயப்போட்ட மாசி அங்க கெடக்கு. கோவத்தை மனசுல வச்சிக்க நாச்சி. கதவு தெருவுக்குப் பொது."

"கதவு என் ஊட்டுல இருக்கு" என்றாள் நாச்சி. "எந்திரிங்க. அடுக்களையைக் கழுவணும்."

மறுநாள் சவரிமுத்துக் கொத்தனாரை வரச்சொன்னாள். கதவை அடைக்கப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் கதவைத் தொடவில்லை. மாடத்தைக் காட்டினாள்.

"இதை அடைச்சிட்டு, நடுவுல ஒண்ணு போடு."

திலகவதி ஓடிவந்தாள். இது எத்தனை தலைமுறை வீடு, இந்தச் சுண்ணாம்பு இனி கிடைக்காது, இடிக்காதீர்கள் என்று கெஞ்சினாள்.

"ஒன் படத்துல இருக்குல்ல?" என்றாள் நாச்சி.

"இருக்கும்மா."

"போதும். எனக்கு இந்த வீடு மாதிரி ஊருல இன்னொண்ணு இருக்கக் கூடாது."

மாடம் நடுவுக்கு வந்த அன்று கதவுக்கு அந்தப்புறம் மழைச் சத்தம் நின்றது. மழை தெரிந்தது, சத்தம் இல்லை. மூணாவது படியை உடைத்து மற்றப் படிகளோடு சமமாக்கிய அன்று பட்டை வாசனை போனது. அதற்குப் பிறகு கதவைத் தாண்டிய பெண்கள், படகில் போய்வந்தவர்கள் மாதிரி தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேறுகால அறையின் கோணல் சுவரைத் தட்டி நேராகக் கட்டத் தொடங்கியதும் தூரம் திரும்பிவர ஆரம்பித்தது. காலையில் கதவுக்குள் காலை வைத்த குட்டிமாமி அந்தப்பக்கத்து அடுக்களைக்குப் போய்ச்சேர லுஹர் பாங்கு சொல்லி நண்பகலாயிற்று. அவசரமாக மாசியை அள்ளிக்கொண்டு திரும்பினாள், வந்துசேர மஃரிப், பொழுது சாய்ந்துவிட்டது. இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் அந்தப் பக்கம் கேட்கவே ஒரு சாயா குடிக்கிற நேரம் ஆனது. வெலிகமைப் பெண்கள் தங்கள் அரிசியை அள்ளிக்கொண்டார்கள். பேசின கல்யாணங்களை விமானத்தில் வந்து நடத்துவதென்று முடிவானது. தெருவில் யாரும் நாச்சியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் கவலைப்படவில்லை.

சதக்குத்தம்பி ரெண்டு வீட்டுக்கும் நடுவே அலைந்தார். முதல்முறையாக அவரைப் பின்கட்டுக்குள் விட்டார்கள், என்ன ஆகவேண்டுமோ அது ஆகிவிட்டதால். இங்கே வந்தால் புதுச் சுவரில் நெற்றியை இடித்துக்கொண்டார், சமமான படியில் தடுக்கி விழுந்தார். முப்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு நடந்த வீடு அவரைப் புது மாப்பிள்ளையைப் போல நடத்தியது.

"நாளைக்குத் தளம் ஒசத்தப் போறேன்" என்றாள் நாச்சி அவரிடம். "எந்தப் பக்கம் இருக்கணுமோ அந்தப் பக்கம் இருந்துக்கங்க."

"நீ என்ன சொல்றே?"

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? ஒங்களுக்குத்தான் சொந்த வீடு இருக்கே."

அவர் நிலையில் நின்றார். ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பக்கம் பௌசியா, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான், ஒரு கிளாஸ் சாயாவைத் திண்டில் வைத்துவிட்டுப் போனாள். சாயா ஆறிவிடும் என்று அவர் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய விஷயத்தை அவர் அப்படித்தான் முடிவு செய்தார்.

பௌசியா கதவோரம் வந்தாள். எட்ட முடியாத தூரத்திலிருந்து நாச்சியைப் பார்த்தாள். உதடு அசைந்தது. நாச்சி காத்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் கழித்துச் சத்தம் வந்து சேர்ந்தது.

"நல்லதாக் கட்டுங்க, தாத்தா."

சவரிமுத்து அடுக்களைத் தரையில் கல்லும் மணலும் கொட்டி, ரெண்டு படி உயரத்துக்கு ஏற்றி, சிவப்புச் சிமெண்டு பூசி இழைத்தார், நிலைக்குள் ஒரு படியும் வைத்தார். கதவின் கீழ்ப்பகுதியை அறுத்து எடுத்தார். இப்போது நாச்சி தலை நிமிர்ந்து நின்றால் நிலையின் மேல்சட்டம் அவள் நெஞ்சுக்கு நேரே இருந்தது. தளம் காயும்வரை அவள் முன்கூடத்தில், காலியான கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் பாய் விரித்துப் படுத்தாள். அடுப்பு மூட்டவில்லை. தெருவிலிருந்து ஒருத்தியும் சோறு கொண்டுவரவில்லை. செய்னம்பு கொண்டுவந்தாள், முடுக்கு வழியாக, மூடித் தட்டுப்போட்டு. நாச்சி கதவு திறக்கவில்லை. சட்டியைப் பூனை உருட்டியது.

தளம் காய்ந்ததும் நாச்சி அடுக்களைக்குப் போனாள். குனிந்து கதவைத் தள்ளினாள்.

மழை இல்லை. சிவப்புச் சுவரும் இல்லை. புகையேறின ஓடு, உடைந்த அம்மி, மூலையில் கோழிக்கூடை. செய்னம்புவின் அடுக்களை. செய்னம்பு சுவர் இருந்த இடத்தைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். எத்தனை நாளாக அப்படி உட்கார்ந்திருந்தாளோ, மடியில் முறத்தோடு புடைக்காத அரிசி. சுவர் போய், அக்காளின் பாதம் தன் கண்ணுக்கு நேரே, உயரத்தில், புதுச் சிவப்புத் தரையில் நிற்பதைக் கண்டு அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"லாத்தா" என்றாள். "வரட்டுமா?"

பிறந்ததிலிருந்து அவள் அப்படிக் கேட்டதில்லை. அந்தத் தெருவில் எந்தத் தங்கையும் எந்த அக்காளையும் அப்படிக் கேட்டதில்லை.

நாச்சி வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. செய்னம்பு எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு முதல் படி ஏறினாள், நின்றாள், மூச்சு வாங்கினாள், நிலையைப் பற்றிக்கொண்டு ரெண்டாவது படிக்குக் காலைத் தூக்கினாள். நாச்சி கை கொடுக்கவில்லை. நகர்ந்து வழி விட்டாள், அவ்வளவுதான். செய்னம்புவின் தலை நிலைச்சட்டத்தை நெருங்கியது. அவள் அதைக் கவனிக்காமல், அக்காளின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏறினாள்.

"குனிஞ்சு வா" என்றாள் நாச்சி.